கை கழுவாதவள்

வாசலில் பலகை:
'கை கழுவிவிட்டு உள்ளே வரவும்.'
லொங்கிமாய் நாற்றங்காலில் மண்ணைக்கூட
ஆவியில் வேகவைத்துத்தான் பையில் அடைப்போம்,
நோய் வந்துவிடக் கூடாதென்று.

நோய் வரவில்லை.
வேறு எதுவுமே வரவில்லை.
நாலாயிரம் லெங்காக் கன்றுகள்
கட்டைவிரல் உயரத்தில் நின்றுவிட்டன,
கீழிலையில் ஊதா படர.

மூட்டை மூட்டையாக உரம் போட்டோம்.
எரிமலைச் சாம்பல் மண்.
கொடுத்ததை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும்,
கேட்டால் தராது.
'என் முதல் புருஷனேதான்' என்றாள்
எர்சிலியா நவெல்பான்.

தட்டைக் கீழே போட்டவளும் அவள்தான்.
முப்பத்தாறு பைகளும் கிழிந்து சிதறின.
மேலாளர் அலார்கோன் சாப்பிடப் போயிருந்த நேரம்.
தீ ஏனோ தொடாமல் விட்ட
சரிவின் ஒற்றைக் கிழட்டு லெங்காவின் அடியில்
சருகை ஒதுக்கி, இரு கையாலும் அள்ளி,
புதுப் பைகளை நிரப்பி வரிசையில் வைத்துவிட்டாள்.
எங்களிடம்கூட மூச்சு விடவில்லை.

ஏப்ரலில்
அந்த முப்பத்தாறு மட்டும் ஒரு சாண்.

'என்ன உரம் போட்டாய்?'
'திருட்டு உரம்.'

ஒரு பையைக் கிழித்து, வேரை அலசி,
லென்ஸுக்கு அடியில் வைத்தோம்.
நுனி ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உறை,
பனிக்குப் பயந்து யாரோ
விரல் விரலாய் மாட்டிவிட்டதுபோல.
உறையிலிருந்து நூல், நூலிலிருந்து நூல்,
தலைமுடியை நாலாய்ப் பிளந்த பருமன்.
வேர் நுழையாத இடுக்கில் அது நுழைகிறது.
சாம்பல் பூட்டிவைத்த பாஸ்பரஸைக் கரைத்து
நீரோடு சேர்த்து இழுத்து வருகிறது.
சும்மா இல்லை.
மேலே வெயிலில் சமைத்த சர்க்கரையில்
பங்கு வாங்கிக்கொள்கிறது.

பதிவேடு எழுதுகிறவன் நான்.
'உரம்' என்ற கட்டத்தில் என்ன எழுத?
பூஞ்சை என்றால் மருந்தடிக்க ஆள் அனுப்புவார்கள்.
அன்பு என்று எழுதக் கூச்சமாக இருந்தது,
கூலி என்று எழுத மனம் வரவில்லை.
'மேல்சரிவு மண், பைக்கு ஒரு கரண்டி'
என்று எழுதிவைத்தேன்.

இப்போது செவ்வாய்தோறும் மேலே போகிறோம்.
போன வாரம் தோண்டிய பக்கம் தோண்டுவதில்லை,
குழியைச் சருகால் மூடாமல் இறங்குவதுமில்லை.

பலகை இன்னும் தொங்குகிறது.
ஆய்வாளர் வரும் நாளில்
சோப்புப் போட்டுக் கழுவுகிறோம் எல்லோரும்.
அவர் ஜீப் வளைவில் மறைந்ததும்
எர்சிலியா சரிவேறிப் போய்
மணிக்கட்டு வரை மண்ணில் கைவிட்டு
எடுத்துக்கொண்டு
உள்ளே வருகிறாள்.