அரைப் புள்ளிக் கோடு

தேனாம்பேட்டை அலுவலகத்தின் நான்காம் மாடியில்
எழுபது ஆண்டுகளை
எட்டு வட்டங்களுக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.
வேளாண்மைக்குப் பச்சை.
யார் முடிவு செய்ததோ, கேட்டதில்லை.

முதல் வட்டத்தில் பாதி பச்சை.
பெயர், சதவீதம், அடிக்குறிப்பு எண்
எல்லாம் அதற்குள் கால்நீட்டிப் படுத்திருந்தன.
எண்பதுகளில் கொஞ்சம் ஒருக்களித்தன.
கடைசி வட்டத்தில் பெயர் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன்,
சாய்த்துப் பார்த்தேன்,
பிறகு வெளியே எழுதி
ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

"சுருங்கலம்மா, மத்ததெல்லாம் வளந்துருக்கு"
என்கிறார் துணை இயக்குநர் எபநேசர்.
உண்மைதான். நெல்லும் கூடியிருக்கிறது, பாலும் கூடியிருக்கிறது.
வட்டத்துக்குத்தான் அது தெரியாது,
எல்லா ஆண்டுக்கும் ஒரே அளவுத் தட்டு.

ஒரு கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள்.
செடியில் தொங்கும்வரை வேளாண்மை.
லாரி ஏறினால் போக்குவரத்து.
இரவு இரண்டு மணிக்குக் கோயம்பேட்டில்
கமலக்கண்ணன் முதுகேறினால் வணிகம்.
வடபழனி மெஸ்ஸின் சாம்பாரில் மிதந்தால் உணவகம்,
அதையே பையில் கட்டிக்கொண்டு ஒரு பையன்
பைக்கில் வந்து மணியடித்தால் அது வேறு சேவை.
காம்பு மாநகராட்சிக்கு.
கை மாறும்போதெல்லாம் விலை ஏறுகிறது,
பச்சையில் ஒரு பொட்டும் ஏறுவதில்லை.

பெரும்பாக்கத்தில் நான் தவணை கட்டும் வீடு
மூலப்பத்திரத்தில் நஞ்சை.
என் கணக்கில் கட்டுமானம், வட்டி மட்டும் நிதித்துறை.
ஐப்பசித் தண்ணீருக்கு இந்த வகைப்பாடெல்லாம் தெரியாது.
பழைய பத்திரத்தைப் படித்துக்கொண்டே
நேரே கூடத்துக்கு வந்துவிடுகிறது.

நேற்று, யாரும் கேட்காமலே,
பணத்தை விட்டு ஆட்களை எண்ணி ஒரு வட்டம் போட்டேன்.
பச்சை குபுக்கென்று உப்பியது.
இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பந்தியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அங்கே.
இலையோ
ஐந்தில் ஒன்றுகூட இல்லை.
கீழே அண்ணா சாலையில் சிக்னல் விழுந்தது,
அதுவும் பச்சைதான்.

அந்தத் தாளுக்கு அறிக்கையில் இடமில்லை.
தலைப்பு "பங்களிப்பு", ஆட்கள் வேறு அத்தியாயம்.

மாலையில் எபநேசர் அச்சுப்படியைப் பார்த்தார்.
"இந்தக் கோடு எதுக்கு? எடுத்துட்டா படம் சுத்தமா இருக்கும்."
எடுத்தால் பெயர் எதனுடையது என்று தெரியாதே சார், என்றேன்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்.
"சரி, மெல்லிசா இருக்கட்டும்."

அரைப் புள்ளி தடிமன் வைத்திருக்கிறேன்.
பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.