இருபத்தோரு அடி

கர்ட் ஹக்கலா தன் அண்ணனுக்காகக் கட்டிய சரிவுப்பாதை
எட்டடி நீளம்.
வாசலுக்கு மூன்று படி, இருபத்தோரு அங்குல உயரம்.
கடையில் பலகை அறுத்துக் கொடுத்தவள் நான்தான்.
அங்குலத்துக்கு ஓரடி வேண்டும், இது பத்தாது
என்று வாயெடுத்தேன்.
அன்றிரவு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை
மேசைமேல் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தது.
பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

குளிர்காலம் முழுக்க
டேல் அந்தச் செங்குத்தில் ஏறுவதைப் பார்த்தேன்,
முதலில் தெருவிலிருந்து,
பிறகு அவன் சமையலறை ஜன்னல் வழியே.
பின்னுக்கு இழுக்கும் நாற்காலி, கடித்த பல்,
ஏரியிலிருந்து வரும் பனிக்காற்று.
தள்ளிவிடவா என்று ஒருமுறை கேட்டேன்.
அதோடு சரி.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து.
பரிமாறும் பெண் என்னைப் பார்த்துக் கேட்கிறாள்,
"அவருக்கு என்ன வேணுமாம்?"
"அவருக்கு மீன். கூட வந்தவளுக்கும் மீன்.
அவருக்குக் காது நல்லாவே கேக்குதாம்" என்றான் டேல்.
சிரிப்பில் எனக்குப் புரையேறியது.
அவன் அம்மா ஐரீன் மட்டும் சிரிக்கவில்லை.
"நல்ல பொண்ணும்மா நீ" என்றாள்,
நர்சிடம் சொல்வதுபோல.

மார்ச்சில் கர்ட் ஆணி வாங்க வந்தான்.
ஆணியோடு ஒரு ரசமட்டத்தையும் வைத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
அதன் குமிழியையே பார்த்தபடி நின்றான்,
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

சனிக்கிழமை சுத்தியல் சத்தம்.
அன்று மாலையே டேல் கடைக்கு வந்தான்.
"மன்னிப்புக் கேக்கத் தெரியாதவன் ஆணி அடிச்சான்.
நான் தினமும் ஏறி ஏறி மன்னிச்சேன்.
உன்னை யார் அளக்கச் சொன்னது?"

நான்கு நாள் போன் இல்லை.
எனக்கும் வீம்பு உண்டு.

புதுப் பாதை இரண்டு முறை திரும்பி
ஐரீனின் பியோனிப் பாத்தி நடுவே போகிறது.
கிழங்குகளை அவளே தோண்டி
என் வாளியில் போட்டாள்.
"இது நடுற காலமில்ல. பிழைச்சாலும் பிழைக்கும்.
தண்ணி நிறைய ஊத்திடாதே."

ஐந்தாம் நாள் டேல் கூப்பிட்டான்.
போனேன்.
பக்கத்தில் நடக்க இடமிருந்தது.
பாதி வழியில் சக்கரத்திலிருந்து கையெடுத்து
மூக்கைச் சொறிந்தான்,
நாற்காலி நின்ற இடத்திலேயே நின்றது.
கர்ட் கேரேஜுக்குள் எதையோ தேடுவதுபோல
தேடிக்கொண்டே இருந்தான்.

"சப்புனு இருக்கு" என்றான் டேல்,
தம்பிக்குக் கேட்கும்படி.

இறங்கினான்.
மறுபடி ஏறினான்.