நாலு மில்லிமீட்டர்

பர்கூர்ப் பக்கம் லாரியிலிருந்து சிந்திய
கருங்கல் சில்லு
இடது பின்சக்கரத்தின் விலாவைக் கிழித்தது.
ஒட்டுப் போட முடியாத இடம்.
ஒரே ஒரு டயர் புதிதாக வாங்கினேன்,
ஏழாயிரத்து எண்ணூறு.
சம்பளத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

புது ரப்பரின் மேல் சின்னச் சின்ன மயிர்கள்.
அப்போதுதான் விழுந்த கன்றின் குளம்பு நுனியில்
பிசுபிசுவென்று தொங்குமே, தரை தொடாத ஒன்று,
அந்த மாதிரி.
மற்ற மூன்றும்
ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று
கோமாரித் தடுப்பூசிப் பெட்டியோடு
மூன்று வருஷம் அலைந்தவை.

மூன்றாம் வாரம்
ஆஸ்பத்திரி வளாகத்தில் வட்டமடித்துத் திருப்பும்போது
பின்னாலிருந்து யாரோ கயிற்றை இழுத்தார்கள்.
இறங்கிப் பார்த்தேன். யாருமில்லை.
அடியில் கருகல் வாசம்.
கன்றுக்குக் கொம்பு சுடும் வாசம் எனக்குத் தெரியும்,
இது வேறு.

முனிரத்தினம் பள்ளத்தில் இறங்கினான்.
"இது நாலு காலாலயும் இழுக்கிற வண்டி மேடம்.
ஒரு காலுக்கு மட்டும் செருப்பு வாங்கிட்டீங்க."
பள்ளத்துக்குள்ளிருந்தே கையை நீட்டி
காடிகளில் அளவுகோலை விட்டு விட்டு வாசித்தான்:
நாலு. நாலு. நாலுக்குக் கொஞ்சம் கம்மி.
புதியது எட்டு.

எட்டுக்கும் நாலுக்கும் நடுவில்
ஒரு சுண்டுவிரல் நகம்கூட இல்லை.
சிமென்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டான்.
சுற்றுக்கு ஓர் அங்குலம்.
கிலோமீட்டருக்குப் பதினோரு மீட்டர்.
இங்கிருந்து அஞ்செட்டி போய்ச் சேர்வதற்குள்
ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

"அந்த ஒரு கிலோமீட்டரை
யாராவது திங்கணும் இல்லையா?
நடுவுல இருக்கிற கப்ளிங் திங்குது.
செரிக்கல. சூடாகுது."

நொண்டும் மாட்டில் நான் பார்த்ததுதான்.
ஒரு குளம்பு வளர்ந்திருக்கும்,
இடுப்பைப் பிடித்துவிடச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கப்ளிங் போனால் ஒன்றரை லட்சம்.
இன்னும் மூன்று டயர் வாங்கினால்
இருபத்து மூவாயிரத்துச் சொச்சம்.
வேற வழி ஒண்ணு இருக்கு என்றான், சிரிக்கக் கூடாது.

லண்டன்பேட்டை தாண்டி அதாவுல்லாவின் ரீட்ரெடிங் பட்டறை.
சுவரெல்லாம் மொட்டை லாரி டயர்கள்,
ரப்பர் வேகும் வெக்கை.
என் டயரை மூன்று தரம் புரட்டினார்.
பில் கேட்டார். தேதியைப் பார்த்தார்.
"இருபத்தாறு வருஷமா தேஞ்சு வந்ததுக்கு ஒட்டிட்டு இருக்கேன்மா.
முளைச்சு வந்ததைத் தேய்க்கச் சொல்ற ஆள் நீங்கதான்."
அப்புறம் ஒரு தாளை நீட்டினார்:
கெட்டால் பட்டறை பொறுப்பல்ல.
வயிற்றைக் கிழிக்கும் முன் மாட்டுக்காரரிடம்
நான் வாங்கும் அதே கையெழுத்து.
போட்டேன்.

மெஷின் ஊளையிட்டது.
கறுப்புத் தூள் பறந்து
என் துப்பட்டாவில், கண்ணிமையில்,
அவர் தட்டு போட்டு மூடி வைத்த டீயின் ஓரத்தில் படிந்தது.
நிறுத்துவார், அளப்பார், மறுபடி ஓட்டுவார்.
ஆறரை. ஐந்து. நாலரை.
"போதுமா?"
போதாது என்றேன்,
என் குரல்தானா என்று இருந்தது.

கொடுத்த பணத்தில் பாதி தரையில் கிடந்தது.
அவர் பையன் கூட்டி அள்ளி
சிமென்ட் சாக்கில் கட்டினான்.

அன்று மாலை வளாகத்தில் மூன்று வட்டம் அடித்தேன்.
வாட்ச்மேன் மாதப்பன்
எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார்.
குனிந்து வண்டியடியில் கை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
காய்ச்சல் இல்லாத பசுவின் காது.

பத்து நாள் கழித்து, அஞ்செட்டிக்கு மேலே,
கெம்பம்மாவின் எருமைக்கு ஊசி போடக் குனிந்தபோது
துப்பட்டா முடிச்சிலிருந்து
கறுப்பாய்க் கொஞ்சம் அதன் முதுகில் உதிர்ந்தது.
"மருந்தா?"
இல்லை, டயர்.
அவள் அதைத் துடைக்கவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
எருமையின் தோளில் நன்றாகத் தேய்த்துவிட்டாள்.