எட்டும் எட்டும்

பதினாறும் பெற்று வாழ்க என்றார் ஐயர்,
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் மண்டபத்தில்,
கரகரத்த மைக்கில்.
பதினாறு என்னென்ன என்று
எனக்கும் தெரியாது, யுகேந்திரனுக்கும் தெரியாது.
பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது பதினாறு என்றால்
பிராசசரிலிருந்து கிளம்பும் பாதைகள்.
கூட ஒன்று கேட்டால் கிடைக்காது.
வாங்கி வந்த வரம் அவ்வளவுதான்.

சீர்த்தட்டில் வைக்காமல் வந்தவை இரண்டு:
அவன் கிராஃபிக்ஸ் கார்டு, என் கிராஃபிக்ஸ் கார்டு.
ஒரே கம்பெனி, ஒரே மாடல்.
அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சேர்த்த போனஸில் வாங்கியது.
என்னுடையது
பதினோரு மாத இரவுப் பணி,
ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டிய காசு.
ஒன்றாகச் செருக ஒரு மதர்போர்டு வேண்டும்.

உம்கேனி ரோட்டில் கடை.
நொகுதுலா இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்தாள்.

முதலாவது இரண்டாயிரத்து எண்ணூறு ராண்ட்.
மேல் ஸ்லாட்டுக்குப் பதினாறு பாதை.
கீழ் ஸ்லாட்டுக்கு நாலு. அந்த நாலும்
சிப்செட்டைச் சுற்றிக்கொண்டு,
யுஎஸ்பியோடும் ஹார்ட் டிஸ்க்கோடும்
முட்டி மோதிக்கொண்டு வரவேண்டும்.

மேலே யாருடையது என்றேன்.
பதில் சொல்லுமுன் தலையைச் சொறிந்தான்.
ஃபேன் சத்தம் குறைவானது மேலே இருக்கட்டும் என்றான்.
சத்தம் குறைவானது அவனுடையது.

நொகுதுலாவிடம் ஸ்டீல் ஸ்கேல் வாங்கி
இரண்டு ஸ்லாட்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன்.
கார்டுகள் தடிமன். ஒரு விரல்கூட நுழையாது.
கீழே இருப்பது விடும் சூட்டை
மேலே இருப்பது இழுத்து மூச்சுவிட வேண்டும்,
அதுவும் டர்பனின் பிப்ரவரியில்.
அப்படியானால் மேலே உன்னுடையதே இருக்கட்டும் என்றேன்.
சிரித்தவள் நொகுதுலா மட்டும்.

இரண்டாவது ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒரு கார்டு தனியாக இருந்தால்
பதினாறும் அதற்கே.
இரண்டாவது வந்து உட்கார்ந்த நொடியில்
யாரும் சொல்லாமலே பிரித்துக்கொள்ளும்,
எட்டும் எட்டும்.
நடுவே தாராளமாக இடம்.
விலைதான் எட்டவில்லை.

ஒரு விஷயம் சொல்லட்டுமா என்றாள் நொகுதுலா.
இப்போது வரும் கேம்களில் முக்கால்வாசி
ஒரு கார்டைத்தான் கண்டுகொள்ளும்.
மற்றது சும்மா இருக்கும்,
கரண்ட் பில்லில் தன் பங்கை வாங்கிக்கொண்டு.

அப்படியென்றால் ஒன்றை விற்றுவிடலாமே என்றான் யுகேந்திரன்.

எதை?

அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங்.
பக்கத்துச் சலூனில் ஜெனரேட்டர் இருமி இருமிப் பற்றியது.
இருட்டில் மூன்று பேர், இரண்டு பலகைகள்.
நொகுதுலா போன் விளக்கைப் போட்டாள்.
அவன் கை
பெரிய பலகையின் இரண்டு ஸ்லாட்டுகளுக்கு நடுவே
அந்த வெற்று இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

லே-பை போடலாம் என்றான்.
மாதம் ஆயிரத்து நூற்றைம்பது, ஆறு மாதம்.
கார்பன் தாளில் இரண்டு கையெழுத்து.
பலகை திரும்பவும் பெட்டிக்குள், பெட்டி அலமாரிக்கு.
நாங்கள் காரில் பன்னி சௌ சாப்பிட்டோம்,
குழம்பு என் சட்டையில் வழிந்தது.

இரண்டு தவணை கட்டியாயிற்று.
வாடகை அவுட்பில்டிங்கில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்,
என் பழைய பெட்டி, ஒரே ஸ்லாட்.
ஞாயிற்றுக்கிழமை முறை மாறும்:
ஒரு வாரம் அவனுடையது ஓடும்,
ஒரு வாரம் என்னுடையது.
ஓய்வில் இருப்பதை ரொட்டி டின்னில் வைத்துப் பூட்டுகிறோம்.
ஜன்னல் வழியே வரும் குரங்குகளுக்கு
பளபளப்பானது எதுவும் பழம்தான்.

நேற்று பணி முடிந்து விடியலில் வந்தேன்.
ஹெட்போனோடு விளையாடிக்கொண்டிருந்தான்,
நான் வந்தது தெரியவில்லை.
ஷூவைக் கழற்றும்போது
பெட்டிக்குள் ஃபேன் இரையும் சத்தம்.

கொஞ்சம் கூடுதலான சத்தம்.

இந்த வாரம் அவனுடைய வாரம்.