பாதி அப்பம்

வட்டக்கானலில் அன்று கரண்ட் இல்லை.
வாடகைக்கு இருந்த ஹதாஸ்
இரண்டு மெத்தைகளைத் தள்ளிப் பிரித்து
கடல் பிளந்தது என்றாள்.
கம்பளி மூட்டையோடு
நோகாவும் இத்தமாரும்
எகிப்திலிருந்து ஓடினார்கள்.
என் மகன் ஜெபின் பார்வோனின் குதிரைப்படை.
மூழ்க மாட்டேன் என்று அடம்.

மாவு புளிக்க நேரமில்லை,
அப்படியே சுட்டோம் என்று
அப்பத்தை உடைத்து
பாதியை ஒளித்து வைத்தாள்.
அதைத் தேடித் தின்றால்தான்
விருந்து முடியுமாம்.

கட்டிலடி, மழைக்கோட்டுப் பை, கேரட் கூடை
எங்கும் காணோம்.
ஜெபின் உதட்டில் துகள்.
"உப்பே இல்லக்கா."

பதினோரு மணிக்கும்
பிள்ளைகள் படுக்கவில்லை.
அப்பம் கிடைக்காமல்
கதை எப்படி முடியும்?

காலையில் மெத்தையைத் தூக்கக் குனிந்தேன்.
ஜெபின் கையைப் பிடித்தான்:
"தொடாதம்மா,
இன்னும் பாதிப் பேரு
கடலுக்குள்ள நடக்கறாங்க."