மீதி

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு மேலே
காய்கறி மண்டி திரும்பும் முக்கில்
பவளக்கொடிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.
திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை.
இன்று செவ்வாய். கூட்டமில்லை. சாரல்.

கறுப்புக் கல். மூக்குக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள்.
அவள் கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை.
காலில் செருப்பு வேறு.
கொழுந்துப் பையின் கயிறு அழுத்திய தடம்
பொட்டுக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கும்.
சிற்பி அதை வழவழவென்று தேய்த்துவிட்டார்.

சேரன் பஸ்ஸில் பதினோரு வருஷம் நான் கண்டக்டர்.
மேட்டுப்பாளையம், முதல் நடை.
அரவேணுவில் ஏறுவாள்.
மடியில் ரேஷன் பை, அதற்குள் காகிதக் கட்டு.
குஞ்சப்பனை வளைவுகளில் பஸ்ஸே
எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டிருக்க
அவள் எழுதிக்கொண்டு வருவாள்.
அந்தக் கோணல் எழுத்தில் பாதி
எங்கள் டிரைவர் லிங்கன் எழுதியது.

சில்லறை இல்லைம்மா.
டிக்கெட்டின் முதுகில் கிறுக்கிக் கொடுப்பேன்:
மீதி 1.75
என் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு உண்டு,
ஒன்று என்று எவனும் வாசித்துவிடக் கூடாதே.
இறங்கும்போது கேட்டவர்களுக்குக் கொடுத்தேன்.
அவள் கேட்டதில்லை.
சேமநிதியை இலங்கையில் விட்டுவிட்டுக்
கப்பலேறி வந்த சனம்.
பாக்கி கேட்டுப் பழக்கமில்லை.

அப்புறம் அவள் நாவலில் ஒரு கண்டக்டர் வந்தான்.
காதில் பென்சில், பையில் சில்லறை, வாயில் 'இல்லை'.
டிப்போவில் என் பெயரே
நூற்றுப் பதினேழாம் பக்கம் என்று ஆனது.
நானும் சேர்ந்து சிரித்தேன்.
வீட்டில் திலகா அந்தப் பக்கத்தைப் படித்தாள்,
மூடிவைத்தாள்,
சோறு போட்டாள்.

இன்று சட்டைப்பையில் இரண்டு ரூபாய் இருக்கிறது.
வட்டியெல்லாம் பார்க்கவில்லை.
சிலைக்கு வலக்கையில் பேனா, இடக்கையில் புத்தகம்.
வாங்கிக்கொள்ளக் கை காலியில்லை.
காலடியில் வைத்தால்
கடன் காணிக்கையாகிவிடும்.

மழை வலுக்கவே பின்னாலிருக்கும் கிளை நூலகத்தில் ஒதுங்கினேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கைப்பிரதி,
விரித்த பக்கத்தில் அடையாளத்துக்கு
வெளிறிய ஒரு டிக்கெட், முதுகு காட்டி.
கீழே அட்டையில் தட்டச்சு:
'ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பு. பொருள் தெளிவாகவில்லை.'

நூலகர் போஜன் சொன்னார்,
கோயமுத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தாராம்.
மீதி என்பது வாழ்வின் மிச்சமாம்.
எண்ணைப் பற்றி மட்டும் தனியே எட்டுப் பக்கமாம்.

வாய் வரைக்கும் வந்தது.
முப்பது வருஷம் வைத்திருந்திருக்கிறாளே,
கேட்கத்தானா?
இல்லை, பக்கம் பிரிக்க ஒரு துண்டுக் காகிதம்,
அவ்வளவுதானா?

பார்வையாளர் ஏட்டை நீட்டினார்.
பெயர், ஊர், தேதி.
தேதி பதினேழு.
கோடு போடாமல் எழுதிவிடத்தான் பார்த்தேன்.
கை கேட்கவில்லை.
போஜன் ஏட்டை மூடி மேலே பேனாவை வைத்தார்.

வெளியே அவள் கண்ணாடியில் நீர் வழிகிறது.
துடைக்கலாமென்று போனேன், எட்டவில்லை.
மேட்டுப்பாளையம் வண்டி ஹாரன் அடித்தது.
ஏறி உட்கார்ந்தேன். பையன் டிக்கெட் கிழித்தான்.
சரியாகச் சில்லறை கொடுத்தேன்,
அந்த இரண்டு ரூபாயைத் தொடாமல்.