சம்பங்கி, பக்கம் பதினாலு

சம்பங்கிக்குச் சாவு கிடையாது.
அதை இரண்டாம் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன்,
காட்பாடி ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
கரண்ட் போன ஒரு மத்தியானம்,
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்.

ராணிப்பேட்டையில் தொட்டிக்குள் விழுந்தான்.
குரோமியம் குடித்தான்.
எழுந்து பச்சையாக ஒரு ஏப்பம் விட்டான்.
அன்றிலிருந்து, உரித்தால் வளரும் தோல்.
முகமூடி, ஆம்பூரில் கழித்துப்போட்ட இடதுகால் ஷூ.
லேஸைப் பின்மண்டையில் முடிச்சுப் போடுவான்.
பேசும்போது இரண்டு நாக்கு ஆடும்.

ஐந்தாம் பக்கத்தில் ஆறு பேரை வெட்டினான்.
"இன்னாண்ணா, கீழ பாதி காலியா கீதே"
என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.
ஏழாவதாக ஒருத்தனை வரைந்து கொடுத்தேன்.

ஒன்பதில் முதலாளி அவனைத் தலைகீழாகக் கட்டி
முழுசாக உரிக்கிறார்.
காலையில் பார்த்தால் வளர்ந்திருக்கிறது.
அவருக்குக் கோபமே வரவில்லை. கால்குலேட்டர் எடுக்கிறார்:
நாளுக்கு ஒரு தோல், தீனிச் செலவு இல்லை,
லீப் வருஷத்தில் ஒன்று லாபம்.
தொங்கியபடியே சம்பங்கி கேட்கிறான்,
"ஞாயித்துக்கிழமைக்கு டபுள் சம்பளமா மொதலாளி?"
பத்தாம் பக்கம் திறந்தால்
தராசின் ஒரு தட்டில் முதலாளியின் தலை,
இன்னொன்றில் பச்சைத் தோல்.
முள் நேராக நிற்கிறது.

இதற்குத்தான் பசங்கள் சிரிக்கிறார்கள்.
இருபது பிரதி, பதினைந்து ரூபாய்.
அப்பாவை சி.எம்.சி.க்குக் கூட்டிவந்து லாட்ஜில் கிடக்கும்
வங்காளத்துப் பையன்
ஓர் எழுத்தும் தெரியாமல் மூன்று வாங்கிப்போனான்.

பதினாலில்தான் தகராறு.
கழிவுத்தொட்டி மூடி திறந்து கிடக்கிறது.
மூன்று பேர் உள்ளே.
யாருக்கும் பெயர் போடவில்லை.
மூன்றாவது ஆளின் சட்டையில் மட்டும் கட்டம் போட்டேன்,
தீபாவளிக்குத் தசரதனுக்கு எடுத்துக் கொடுத்த
அதே கட்டம்.

சம்பங்கி எட்டிப் பார்த்தான்.
வசனத்துக்கு விட்ட குமிழ் வெள்ளையாகவே நின்றது.
"ஏதாவது ஜோக் சொல்லேண்டா" என்றேன்.
லேஸை அவிழ்த்தான்.
"யாரை வெட்டணும், காட்டு."

வரைய என்னிடம் ஆள் இல்லை.
ஒரு காசோலை இருந்தது,
கீழே ஒரு கிறுக்கல்,
'தன்னிச்சையாக இறங்கினார்' என்று டைப் அடித்த ஒரு வரி.
"இதுக்குக் கழுத்து எங்க கீது?" என்று
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பிறகு என்னைக் கேட்காமலே இறங்கினான்.
மூன்று நடை.
மூவரையும் பாலாற்று மணலில் கிடத்தி,
தன் தோலை உரித்து ஒருவன் மேல் போர்த்தினான்,
வளரும்வரை காத்திருந்து அடுத்தவனுக்கு,
அப்புறம் கட்டம்போட்ட சட்டைக்கு.
"ஒட்டலியேண்ணா" என்றான்.
அந்த வசனத்தை நான் எழுதவில்லை.

பதினைந்தாம் பக்கம் முழுக்க மை.
கடைக்காரர் ஏகாம்பரம் நகல் எடுக்க மறுக்கிறார்,
இவ்வளவு கறுப்புக்கு டோனர் தாங்காதாம்.
பசங்கள் கண்ணாடியைத் தட்டிக் கேட்கிறார்கள்:
"அண்ணா, அடுத்ததுல யாரு செத்தா?"